பந்தலைப் பிரிக்கும் முறை

 

இம்மாதம் நான் எழுதப் புகும் விஷயம் எனக்குரிய துறையைச் சேர்ந்ததன்று. வரலாறு படித்துக் கலைப் பட்டம் பெற்றவன் நான். மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன். விஞ்ஞானத்தைப் பள்ளியிறுதி வகுப்போடு கைகழுவிவிட்டவன். ஆயினும் ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி, என்னை அந்தப் பக்கமாக இழுத்துச் சென்றுவிட்டது.

பழவேற்காட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் எழுப்பிய ஹெல்ட்ரியா கோட்டை இங்கேதான் இருந்தது. இன்று அவ்விடத்தில் மண்மேடும் முட்புதரும் மட்டுமே எஞ்சியுள்ளன. அருகே ஏரியை ஒட்டி வாழும் கோட்டைக்குப்பத்து மீனவர்களுக்கும் நம் ஊர் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கலும், நல்லது கெட்டதில் கலந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. அந்த நண்பரின் ஆறு வயது மகன், என் மாணவர்களோடு பள்ளிவாசல் தெருவிலே பம்பரம் விளையாடி வளர்ந்தவன்.

அச்சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தபோது தெருவே ஒடுங்கிப் போயிற்று. சென்னையின் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். வாரத்திற்கு ஒருமுறை நரம்பிலே ஊசி மருந்து. ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் அடங்கியது. வெளிறிக் கிடந்த முகத்தில் நிறம் வந்தது. அதன் பிறகுதான் வேறொரு சோதனை தொடங்கியது. பையன் நடக்கும்போது தடுமாற ஆரம்பித்தான். பாதத்தைத் தூக்கி வைக்க இயலாமல், நுனிவிரல்கள் தரையில் இழுபட, 'தப் தப்' என்று அறைந்து அறைந்து நடந்தான். மலச்சிக்கல் வேறு, தாடையில் வலி வேறு.

அன்று மஃரிபுக்குப் பின் நண்பர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

"பாய், ஒரு சங்கதி. ஊசிய நிறுத்திடலாம்னு எங்க அம்மா சொல்லுது. புள்ளைக்குக் கால் போச்சு, இன்னும் எதுக்கு அந்த வெஷம்னு அழுவுது. டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா, அந்த மருந்து ஒடம்புல இருக்குற உயிரணுவ தற்கொல பண்ணிக்க வைக்குமாம். கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. இன்னொண்ணும் சொன்னாங்க. அது நித்தியகல்யாணிச் செடியிலேருந்து எடுக்குற மருந்தாம். அந்தச் செடி ஒங்க மையவாடி பூராவும் கெடக்குதே பாய்! அத பறிச்சுக் காய்ச்சிக் குடுத்தாப் போதாதா? நீங்க நாலு எழுத்துப் படிச்சவரு, சொல்லுங்க."

நான் என்ன சொல்வேன்? நாலு எழுத்துப் படித்தவன்தான். ஆனால் அந்த நாலு எழுத்தில் இதற்கு விடை இல்லை. "தம்பி, அடுத்த முறை போகும்போது நானும் வருகிறேன். அதுவரை நிறுத்துவதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். சொன்னபடியே போனேன். அந்த மருத்துவ அம்மையார், வெளியே நீண்ட வரிசை காத்திருக்க, எங்களுக்காக ஏறக்குறைய அரைமணி நேரம் ஒதுக்கிக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார்கள். அன்று கேட்டதையும், பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

உயிரணு என்றதும் நமக்குப் பள்ளிப் புத்தகத்தில் போட்டிருந்த வட்டம்தான் நினைவுக்கு வருகிறது. மேலே ஒரு மெல்லிய தோல், உள்ளே கூழ், நடுவே கரு. அந்தப் படம் நம்மை ஏமாற்றிவிட்டது எனலாம். வெறும் கூழாக இருந்தால் உயிரணு தன் உருவத்தை எப்படிக் காப்பாற்றும்? நரம்பணு நீண்டும், தோலணு தட்டையாகவும் இருப்பது எதனால்? அந்தக் கூழுக்குள்ளே ஒரு சட்டகம் இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தலுக்குக் காலும் குறுக்குக் கழியும் கயிறும் இருப்பது போல, உயிரணுவுக்கும் மூன்று விதமான இழைகள் உள்ளன. மிக மெல்லியது ஆக்டின் என்னும் இழை. தடிமன் 7 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர் என்பது. தோலுக்கு அடியில் வலையாகப் பரவி, இழுத்துச் சுருக்கும் வேலையை இது செய்கிறது. அடுத்தது, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இடைநிலை இழை. கயிறு போல் உறுதி தருவது. கருவின் உட்சுவரைத் தாங்குவதும் இவ்வகையே. மூன்றாவது நுண்குழல். 25 நானோமீட்டர் அகலம், உள்ளே வெற்றிடம். டியூபுலின் என்ற புரதமணிகள் இரட்டை இரட்டையாக அடுக்கப்பட்டு, அப்படிப்பட்ட சரங்கள் பெரும்பாலும் 13 சேர்ந்து ஒரு குழலாகின்றன.

இந்த நுண்குழலின் இயல்பு வியப்புக்குரியது. இது நட்ட இடத்திலே நிற்கும் தூண் அன்று. ஒரு முனையில் மணிகள் சேர்ந்துகொண்டே போகும். திடீரென்று அவிழ்ந்து சரியும். மறுபடியும் வேறு திசையில் வளரும். டிமோத்தி மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்ற இருவர் 1984-இல் இதை எடுத்துக் காட்டினார்கள். நம் ஏரியிலே மீனவர்கள் கழிகளை நட்டு வலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள் அல்லவா? மீன்பாடு முடிந்ததும் கழிகளைப் பிடுங்கி இன்னோரிடத்தில் நடுகிறார்கள். கழிகள் அவையேதான், நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. இதை நான் அந்த அறையில் சொன்னபோது, அதுவரை தலைகுனிந்திருந்த நண்பர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

உயிரணு இரண்டாகப் பிரியும் சமயத்தில் இந்தக் குழல்கள்தாம் கதிர்போல் வரிசையாக நின்று, மரபுச் சரடுகளைச் சமமாகப் பங்கிட்டு இருபுறமும் இழுத்துச் செல்கின்றன. குழல் இல்லையேல் பங்கீடு இல்லை. பங்கீடு இல்லையேல் பெருக்கம் இல்லை.

இனி மரணத்திற்கு வருவோம். உயிரணு இரண்டு வகையாக மடிகிறது. தீப்பட்டோ, அடிபட்டோ, இரத்தம் தடைப்பட்டோ மடிவது ஒரு வகை. அப்போது அணு வீங்கி, வெடித்து, உள்ளிருப்பதைச் சுற்றிலும் கொட்டிவிடுகிறது. அவ்விடம் சிவந்து வீங்கி வலிக்கிறது. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிக்கோட்டா அருகே கரையேறிய புயலைப் பற்றி நம் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். புயலில் பிய்ந்த பந்தல் யார் வீட்டுக் கூரையில் போய் விழும் என்று சொல்ல முடியாது. மற்றொரு வகை, நிக்காஹ் முடிந்த மறுநாள் பந்தல்காரர் வந்து பிரிப்பது போன்றது. முதலில் துணியை அவிழ்ப்பார், பிறகு கயிறு, பிறகு குறுக்குக் கழிகள், கடைசியில் கால்கள். கட்டுக் கட்டாகக் கட்டி வண்டியில் ஏற்றிச் சென்றுவிடுவார். மாலையில் அத்தெருவில் பந்தல் இருந்ததற்கு அடையாளமாகச் சில குழிகள் மட்டுமே காணப்படும்.

இந்த இரண்டாம் வகைக்கு, ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவர் 1972-இல் ஒரு பெயர் சூட்டினர். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மக் சொல்லிக் கொடுத்த பெயர் அது: அப்போப்டோசிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். விஞ்ஞானிகள் பெயருக்காக ஒரு மொழி ஆசிரியரைத் தேடிப் போனார்கள் என்பதைப் படித்தபோது, கலைப் பட்டதாரியாகிய எனக்குச் சற்றே பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்! பிற்காலத்தில் இதைத் 'தற்கொலை' என்று எழுதும் வழக்கம் பரவிற்று. அது பொருந்தாத சொல் என்பது என் கருத்து. தற்கொலையில் விரக்தி இருக்கிறது; இலை உதிர்வதில் விரக்தி ஏது? அந்த ஒரு சொல்லால் ஒரு தகப்பன் சோறிறங்காமல் கிடந்தார் என்பதை நான் கண்ணால் கண்டவன்.

இந்த உதிர்வு நோயாளிக்கு மட்டும் நேர்வதன்று. நம் ஒவ்வொருவர் உடலிலும் ஒரே நாளில் பல ஆயிரம் கோடி அணுக்கள் இவ்வாறு பிரிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் புதியவை வந்து சேர்கின்றன. தாயின் கருவறையில் குழந்தையின் கை முதலில் துடுப்புப் போல் இருக்கிறது. விரல்களுக்கு இடைப்பட்ட அணுக்கள் உதிர்ந்த பிறகே விரல்கள் தனித்தனியாகின்றன. வாத்தின் காலில் அவ்விடத்து அணுக்கள் பெரும்பாலும் உதிர்வதில்லை. ஆகவே சவ்வு தங்கிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் உடலில் உண்டாகும் 1090 அணுக்களில் குறிப்பிட்ட 131 அணுக்கள் குறிப்பிட்ட வேளையில் தவறாமல் மடிகின்றன என்று கண்டறிந்தார்கள். சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருக்கு இப்பணிக்காக 2002-இல் நோபல் பரிசு கிட்டியது.

சரி, பந்தலை யார் பிரிக்கிறார்கள்? உத்தரவு வந்ததும் அணுவுக்குள் காஸ்பேஸ் எனப்படும் புரதக் கத்தரிகள் விழித்துக்கொள்கின்றன. அவை கண்டதையெல்லாம் வெட்டுவதில்லை. இன்ன புரதத்தை இன்ன இடத்தில் என்று தேர்ந்து வெட்டுகின்றன. இடைநிலை இழைகள் நறுக்கப்படுகின்றன. கருவின் உட்சுவர் தளர்கிறது. அணு பக்கத்து அணுக்களிடமிருந்து பிடியை விட்டு உருண்டையாகிறது. அடுத்து நடப்பதுதான் விந்தை. ஆக்டின் இழைகளைச் சுருங்கச் செய்யும் ராக் என்றொரு புரதம் உண்டு. அதற்குத் தன்னுடலிலேயே ஒரு கடிவாளமும் உண்டு. காஸ்பேஸ் அந்தக் கடிவாளப் பகுதியை வெட்டி எறிந்துவிடுகிறது. தடுப்பாரற்ற ராக், ஆக்டின் வலையை இறுக்கிக்கொண்டே போகிறது. கொதிக்கும் கஞ்சியின் மேற்பரப்பு போல அணுவின் தோல் கொப்புளம் கொப்புளமாகப் பொங்குகிறது, கரு துண்டாகிறது, இறுதியில் முழு அணுவும் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. இந்தக் கடிவாள விஷயம் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதாவது, வாழும் நாளில் உருவத்தைத் தாங்கிய அதே இழைகள்தாம் மடியும் நாளில் உருவத்தைக் கலைக்கும் கைகளாகவும் இருக்கின்றன. கத்தரி வெளியிலிருந்து வருவதில்லை. கயிறும் வெளியிலிருந்து வருவதில்லை.

நுண்குழல்களின் கதை இன்னும் நுட்பமானது. தொடக்கத்திலேயே அவை அவிழ்ந்து சரிந்துவிடுகின்றன. வேலை முடிந்தது என்று நினைத்தால் அப்படியன்று. சற்று நேரத்தில் அவை மறுபடியும் கூடி, அணுவின் தோலுக்கு அடியில் ஒரு கூடை போலப் படிகின்றன. எதற்காக? பொட்டலம் கிழிந்து உள்ளிருக்கும் சரக்கு வெளியே சிந்தாமல் காப்பதற்காக. இதற்கிடையே, அணுத்தோலின் உட்புறம் இருக்க வேண்டிய ஒருவகைக் கொழுப்பு வெளிப்புறமாகத் திரும்பி, 'என்னை எடுத்துச் செல்லலாம்' என்று சீட்டு ஒட்டியது போல் நிற்கிறது. உடலின் துப்புரவு அணுக்கள் வந்து விழுங்கிவிடுகின்றன. வீக்கமில்லை, சீழில்லை, வலியில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். சட்டகம் உத்தரவை நிறைவேற்றுவதோடு நிற்பதில்லை. உத்தரவு பிறப்பதிலும் அதற்குப் பங்குண்டு. நுண்குழல்களின் மேல் டைனீன் என்னும் சுமைகூலிப் புரதம் ஊர்ந்து செல்கிறது. மரணத்தைத் தூண்டவல்ல பிம் என்ற புரதம், அணு நலமாயிருக்கும்வரை இந்தக் கூலியாளோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. சில ஆபத்துகள் நேரும்போது கட்டு அவிழ்ந்து, அது அணுவின் உலைக்களமாகிய மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேருகிறது. ஹம்சா புத்தாலகத் என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்டு, மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. பந்தற்கால் ஆடினால் அதில் கட்டியிருந்த மணி ஒலிக்கும் என்பது போல!

இரத்தப் புற்றுநோயில் நேர்வது என்ன? வெள்ளை அணுக்களின் இளங்குருத்துகள் உதிர மறுக்கின்றன. பிரிந்து பிரிந்து பெருகி, எலும்பு மச்சையை அடைத்துக்கொள்கின்றன. நல்ல அணுக்களுக்கு இடமில்லாமற் போகிறது. அங்கேதான் நித்தியகல்யாணி வருகிறது.

நாம் சுடுகாட்டு மல்லி என்று அலட்சியமாகச் சொல்லும் இச்செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்துவந்தார்கள். 1952-இல் அங்கிருந்து கனடாவின் மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஒரு பொட்டலம் இலை வந்து சேர்ந்தது. அவர் அதைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன! தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. சார்லஸ் பீர் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தார். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் சில ஆண்டுகளில் அமெரிக்க மருந்து நிறுவனமொன்றின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்து, 1963-இல் அந்நாட்டில் மருந்தாக அனுமதி பெற்றது. நம் தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இச்செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் உலர்த்தி வெளிநாடுகளுக்கு அனுப்பும் விவசாயிகள் உண்டு.

வின்கிறிஸ்டின் என்ன செய்கிறது? டியூபுலின் மணிகளைப் பற்றிக்கொண்டு குழலாக அடுக்கவிடாமல் தடுக்கிறது. பிரியத் தொடங்கிய அணுவுக்குக் கதிர் அமையாமல், வேலை பாதியில் நிற்கிறது. நீண்ட நேரம் அப்படியே திகைத்து நின்ற அணுவுக்குள், நாம் மேலே கண்ட கத்தரிகள் விழித்துக்கொள்கின்றன. ஆக, மருந்து நேரடியாகக் கொல்வதைவிட, மறந்துபோன உதிர்வை அணுவுக்கு நினைவூட்டுகிறது என்பதே பொருத்தம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கிடைத்த டாக்சால் என்ற மருந்து, இதற்கு நேர்மாறாகக் குழல்களை அவிழவே விடாமல் கெட்டிப்படுத்துகிறது. சூசன் ஹார்விட்ஸ் அம்மையார் 1979-இல் கண்டுரைத்தது இது. விளைவு ஒன்றே. கால் நடவே விடாவிட்டாலும் பந்தல் இல்லை. நட்ட காலைப் பிடுங்கவே விடாவிட்டாலும் அடுத்த பந்தல் இல்லை!

நம் வீடுகளுக்கு அறிமுகமான மூன்றாவது பொருள் ஒன்றும் இவ்வரிசையில் உண்டு. எங்கள் பாட்டியாருக்கு முழங்கால் வலி வந்தால், ஹகீம் ஒருவர் சூரஞ்சான் சேர்த்த யூனானி மருந்து கொடுப்பார். இனிப்புச் சூரஞ்சான் உள்ளுக்கு, கசப்புச் சூரஞ்சான் மேல்பூச்சுக்கு மட்டும் என்பது அவர்கள் கணக்கு. இப்னு சீனா அவர்களும் தம் அல்-கானூனில் மூட்டு நோய்களுக்குரியதாகச் சூரஞ்சானைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியே, கவென்தூ இருவரும் பிரித்தெடுத்த பொருளே கோல்சிசின். அது எதைப் போய்ப் பற்றுகிறது என்று தேடிய கேரி போரிசி, எட்வின் டெய்லர் ஆகியோர் 1967-இல் கண்டதுதான் நாம் மேலே பேசிய டியூபுலின் மணி. மூட்டு வலி மருந்தைத் தொடர்ந்து போனவர்கள் உயிரணுவின் பந்தற்காலில் போய் முட்டினார்கள்!

அதே கோல்சிசின் நம் தமிழகத்தின் மாநில மலராகிய செங்காந்தளிலும் இருக்கிறது. தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். தாய்மார்கள் இதை மட்டும் கவனமாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: வேலியில் படர்ந்திருக்கும் இக்கொடியின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று மயங்கிச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. முதலில் வாந்தி, பேதி. பிழைத்துக்கொண்டவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டிவிடும். குடலின் உட்பூச்சு, எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகிய மூன்றும் உடலில் ஓயாமல் பெருகும் அணுக்கள் உள்ள இடங்கள். குழல் கலைந்தால் முதலில் அடிபடுவது அவைதாம்.

நண்பரின் இரண்டாவது கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. நித்தியகல்யாணி இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட காரப்பொருட்கள் உள்ளன. அவற்றில் வின்கிறிஸ்டின் மிக மிகச் சொற்பம். மூட்டை மூட்டையாக உலர்ந்த இலையை வடித்தாலன்றிக் கையளவு மருந்தும் தேறாது. அந்த மருந்தையும் குழந்தையின் உடல் அளவைக் கணக்கிட்டு, ஓரிரு மில்லிகிராமுக்கு மேற்படாமல், நரம்பில் மட்டுமே செலுத்துகிறார்கள். மையவாடிச் செடியைப் பறித்துக் காய்ச்சினால் குடிநீரில் எது எவ்வளவு இறங்கியது என்று யார் அளப்பது? நோய்க்குப் போதாததும் குடலுக்கு மிகுதியானதும் ஒரே குவளையில் வந்து சேரும்.

இனி, கால். இதைத்தான் நான் அம்மையாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். நரம்பணு பிரிந்து பெருகுவதில்லையே, பின் ஏன் அது பாதிக்கப்பட வேண்டும்? அவர்கள் காகிதத்தில் முதுகெலும்பிலிருந்து பாதம்வரை ஒரு நீண்ட கோடு போட்டார்கள். நரம்பணுவின் உடல் முதுகுப் பக்கம் இருக்கிறது. அதன் வால் பாதம்வரை ஓடுகிறது. வாலின் நுனிக்கு வேண்டிய சரக்கெல்லாம் அணுவின் உடலிலே தயாராகி, நுண்குழல் என்னும் தண்டவாளத்தின் மீதுதான் அனுப்பப்பட வேண்டும். மருந்து அந்தத் தண்டவாளத்தையும் சிதைக்கிறது. மிக நீண்ட பாதையே முதலில் பழுதாகும், ஆகவே பாதம். குடலை அசைக்கும் நரம்புகளும் அவ்வாறே, ஆகவே மலச்சிக்கல். புற்றணுவின் கதிரும் பையனின் கால் நரம்பின் தண்டவாளமும் ஒரே மணியால் ஆனவை. மருந்துக்கு வேற்றுமை தெரியாது.

"அப்ப கால் போனதுதானா அம்மா?" என்றார் நண்பர்.

"போகவில்லை. நரம்பணு சாகவில்லை, பாதைதான் கெட்டிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பிவிடும். அளவைக் குறைப்பேன், தேவைப்பட்டால் ஒரு தவணை தள்ளிப் போடுவேன். அதை நான் செய்ய வேண்டும், நீங்கள் வீட்டில் முடிவு செய்யக் கூடாது. பாதியில் விட்டுப் போன பிள்ளைகள் நோய் திரும்பி வருவார்கள். அப்போது இதே மருந்து அவ்வளவாகப் பேசாது."

அந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் பின்னால் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையம், மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் குழந்தைகளின் இந்நோய்க்கு ஒரே ஒழுங்கான சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. வின்கிறிஸ்டினும் அதில் ஓர் அங்கம். அதற்கு முன் நம் நாட்டில் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவான பிள்ளைகளே தேறினர் என்றால், அம்முறைக்குப் பின் நான்காண்டு கழித்தும் நோயின்றி இருந்தவர்கள் நிலையத்துக்கு நிலையம் 45 முதல் 60 விழுக்காடுவரை. டாக்டர் சாந்தா அவர்கள் 2021-இல் மறையும்வரை அந்த நிலையத்திலேயே வாழ்ந்து உழைத்தார்கள். மேலைநாடுகளில் விழுக்காடு இன்னும் அதிகம். நம் நாடு போன்ற இடங்களில் அதை இழுத்துப் பிடிப்பவற்றுள் ஒன்று, பாதியிலே நின்றுவிடும் சிகிச்சை. பஸ் செலவு, கூலி இழப்பு, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலை, வீட்டுப் பெரியவர்களின் அச்சம். இவற்றில் எதுவும் மருத்துவ நூலில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை.

திரும்பும் வழியில் பொன்னேரிவரை நண்பர் பேசவே இல்லை. பேருந்து மாறி ஏறிய பிறகு, "எங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க பாய், நான் சொன்னா கேக்காது" என்றார். அன்றிரவு கோட்டைக்குப்பத்துக்குப் போனேன். அந்த மூதாட்டிக்குக் காஸ்பேஸும் டியூபுலினும் வேண்டியதில்லை. வலைக்கழி, பந்தற்கால், இரண்டை மட்டுமே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப கால் திரும்பும்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன?" என்றார். "பாட்டி, காலுக்கு அவர்கள் பெரும்பாலும் என்று சொன்னார்கள். ஊசியை நிறுத்தினால் உயிருக்கு அந்தப் பெரும்பாலும் கிடையாது" என்றேன். நெடுநேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேரனுக்குச் சோறு பிசையப் போய்விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

பாதம் தொங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தார்கள். கணுக்காலுக்குப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். மருந்தின் அளவைச் சில தவணைகளுக்குக் குறைத்தார்கள். சிகிச்சை முழுவதும் முடிய இரண்டரை ஆண்டுகள் பிடித்தன. இடது பாதம் ஆறேழு மாதத்தில் எழுந்துவிட்டது. வலது பாதம் நெடுநாள் முரண்டு பிடித்தது. இன்றும் ஓடும்போது சற்றே இழுக்கிறது என்று அவன் தகப்பனார் சொல்கிறார். என் கண்ணுக்கு அது தெரியவில்லை. இப்போது பதினொரு வயது. பரிசோதனைக்காக ஆண்டுக்கொருமுறை சென்னைக்குப் போய் வருகிறான். போன மாதம் போனபோது, அந்த மருத்துவ அம்மையாருக்கென்று அவன் பாட்டி ஓர் ஓலைப் பெட்டி நிறைய இறால் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தார். பேருந்து முழுவதும் மணந்ததாம்.